175-ஐ விடப் பெரியது அந்த ஒன்பதாவது விக்கெட்

1983 உலகக் கோப்பையில், ஜூன் 18 அன்று இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில்தேவ் ஆட்டமிழக்காமல் எடுத்த 175 ரன்களைக் அந்த ஆட்டத்தைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, ஒருநாள் ஆட்டத்தில் ஒருவர் எடுத்த அதிகபட்ச ரன்கள் என்ற உலக சாதனையாக மட்டுமே பார்க்கிறது. அந்தச் சாதனை ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1984-இல் மேற்கிந்தியத் தீவுகளின் விவியன் ரிச்சர்ட்ஸ் 189 ரன்கள் அடித்து அதைக் கடந்துவிட்டார். என்னைப் பொறுத்தவரை, அந்த இன்னிங்ஸின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. கவாஸ்கரும் நம் ஸ்ரீகாந்தும் ரன் ஏதும் எடுக்காமல் திரும்ப, 17 ரன்களுக்கு 5 விக்கெட்டுகள் சரிந்திருந்த நிலையில், 24 வயதே ஆன அணித்தலைவர் கபில் முதலில் ரோஜர் பின்னியுடன் நிதானமாக 60 ரன்களைச் சேர்த்து, இறுதியில் விக்கெட் கீப்பர் கிர்மானியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒன்பதாவது விக்கெட்டுக்கு இருவரும் ஆட்டமிழக்காமல் 126 ரன்களைக் குவித்தார். அதில் கிர்மானியின் பங்கு 24 மட்டுமே; ஆனால் அவர் மறுமுனையைக் காக்காமல் போயிருந்தால் இந்தியாவுக்கு 266 என்ற எண்ணிக்கையே இல்லை. (ஒன்பதாவது விக்கெட்டுக்கான இந்தச் சாதனை 2010 வரை நீடித்ததைக் கட்டுரையாளர் குறிப்பிடாதது வியப்பளிக்கிறது.) ஒளிப்பதிவே இல்லாத ஓர் ஆட்டம் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பந்துக்குப் பந்து பேசப்படுகிறது என்றால், பின்வரிசை ஆட்டக்காரரை நம்பி ஆடலாம் என்ற துணிவை அது இந்திய அணிக்கு அளித்ததே காரணம். அதே துணிவுடன்தான், ஒரே வாரத்தில், லார்ட்ஸில் நடந்த இறுதிப்போட்டியில் 183 ரன்களை மட்டுமே வைத்துக்கொண்டு மேற்கிந்தியத் தீவுகளை எதிர்கொண்டு கோப்பையை வென்றார்கள்.