வேலை கிடையாதாம், ஃபைலை மட்டும் விளக்கணுமாம்

இன்று காலை, கிண்டியில் கணக்கு எழுதும் வேலைக்கு நான் இன்டர்வியூ போய் வந்த ஆபீஸிலிருந்து போன். "சொல்லி அனுப்புறோம்" என்று அனுப்பிவைத்தார்களே, அவர்கள்தான். அதற்கப்புறம் மெயில் போட்டேன், பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் கேட்டேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. சரி, வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்று விட்டுவிட்டேன். இப்போது அதே ஹெச்ஆர் பெண் கூப்பிட்டுக் கேட்கிறார்: "மேடம், அன்னைக்கு டெஸ்ட்ல ஒரு எக்செல் போட்டுக் குடுத்தீங்கல்ல, அதுல மேட்ச் ஆகாத பில்லுங்க மட்டும் தனியா வருதே, அது எப்படின்னு எங்க புது ஸ்டாஃபுக்குக் கொஞ்சம் போன்ல சொல்ல முடியுமா? இருபதாம் தேதிக்குள்ள ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடணும், அதான்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உனக்கு வேலை இல்லை என்று ஒரு வரி அனுப்ப இவர்களுக்கு நேரமில்லை. ஆனால் ஓசியில் வேலை வாங்க என் நம்பரைத் தேடி எடுக்க நேரம் இருக்கிறது.

அன்றைக்கு நடந்ததை முழுசாகச் சொல்கிறேன். பாதிக்கு மேல் உங்களுக்கும் நடந்திருக்கும்.

10 மணிக்கு வரச் சொன்னார்கள். தாம்பரத்திலிருந்து மின்சார ரயில், கிண்டியில் இறங்கி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள் நடை. ஒன்பதே முக்காலுக்கே ரிசப்ஷனில் இருந்தேன். என்னோடு இன்னொரு பையனும் அதே வேலைக்கு வந்திருந்தான், என்னைவிட ஆறேழு வயது சின்னவன். சார் வருவார், சார் மீட்டிங்கில் இருக்கிறார், சார் டிபன் சாப்பிடுகிறார். ஒரு மணி வரை இதுதான். மெயிலில் ரெஸ்யூமே போயிருக்கிறது, கையிலும் ஒன்று கொண்டுபோயிருக்கிறேன், அது போதாதென்று நாலு பக்க ஜெராக்ஸ் படிவம் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். அந்தப் படிவத்தை நீங்கள் பார்க்க வேண்டும். வேலை அனுபவம் எழுத இரண்டு கோடு. குடும்பத்துக்கு ஒரு பக்கம் முழுக்க. அப்பா பெயர், கணவர் பெயர், கணவர் வேலை, கணவர் சம்பளம், பிள்ளைகள் எத்தனை, வயது என்ன, வீட்டில் கூட இருப்பவர்கள் யார் யார், சொந்த ஊர், மதம், வகுப்பு. கணக்கு எழுதும் வேலைக்கு நான் எந்த வகுப்பு என்று இவர்களுக்கு எதற்கு? அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். ஹெச்ஆர் பெண் அதைப் பார்த்துவிட்டு, "ஃபில் பண்ணிடுங்க மேடம், சார் கேப்பாரு" என்றார். சாதிச் சான்றிதழ் கேட்பது இட ஒதுக்கீடு உள்ள அரசு வேலையில். தனியார் கம்பெனி அதைக் கேட்பது எதற்கென்று நம் எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம் டெஸ்ட். ஒரு கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தார்கள். டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரிலிருந்து எடுத்த கொள்முதல் பதிவேடு ஒன்று, சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் காட்டுகிற 2பி என்ற பட்டியல் ஒன்று, இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசம் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் மாதாமாதம் போடும் நிஜக் கணக்கு அது. சப்ளையர் பெயர், பில் நம்பர், தொகை எல்லாம் நிஜம். இவர்களுக்கு வர வேண்டிய வரி வரவில், அதாவது வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிற தொகையில், நாற்பதாயிரத்துக்கு மேல் இடித்துக்கொண்டிருந்தது. யாராலும் பிடிக்க முடியாமல் கிடந்ததைத்தான் டெஸ்ட் என்று என் முன்னால் வைத்திருக்கிறார்கள்.

நான் உட்கார்ந்து பார்த்தேன். சில பில்கள் அந்த மாத 2பி-யில் வராததற்குக் காரணம், அந்த சப்ளையர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிறவர்கள். 5 கோடிக்குள் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு அந்த வசதி உண்டு. அவர்கள் இடையில் பில்லைத் தனியாக ஏற்றாவிட்டால் காலாண்டு முடிந்துதான் நம் பக்கம் தெரியும். அதைத் தனியாகப் பிரித்துவைத்தேன். மிச்சம் ஒரே ஒரு ஓசூர் சப்ளையர். பெயர் இரண்டிலும் ஒன்றுதான், ஜிஎஸ்டி எண் மட்டும் ஒட்டவில்லை. அந்தப் 15 எழுத்தில் முதல் இரண்டு 33, அது தமிழ்நாடு. அடுத்த பத்தும் பான் எண். அந்தப் பத்து மாறியிருந்தது. தனியாளாகத் தொழில் செய்தவர் மகனைச் சேர்த்துக்கொண்டு பார்ட்னர்ஷிப் ஆகியிருக்கிறார். பான் மாறியதால் ஜிஎஸ்டி எண்ணும் மாறிவிட்டது. புது பில்லில் புது எண் அச்சாகி வந்திருக்கிறது, இவர்கள் டாலியில் பழைய எண்ணிலேயே பதிவு போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். இதையெல்லாம் தானாகப் பிரித்துக் காட்டுகிற மாதிரி ஒரு ஷீட்டும் போட்டுக் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாடு கிடையாது, ஒரு டம்ளர் தண்ணீர்கூட நானாகக் கேட்டு வாங்கியதுதான்.

அதற்கப்புறம்தான் சார் கூப்பிட்டார். என் ஷீட் அவர் மேசையில் பிரின்ட் ஆகி இருந்தது. அதைத் தூக்கிப் பார்த்தார். "இதையா இத்தனை நாளா தேடினாங்க" என்றார். நல்லாப் பண்ணியிருக்கீங்க என்று ஒரு வார்த்தை இல்லை. செக் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டபடியே கேட்க ஆரம்பித்தார்.

"கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்மா?"

சொன்னேன்.

"ஒரு பையன் போட்டிருக்கீங்க. அடுத்தது எப்போ?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த செக்கில் கையெழுத்துப் போட்டார். "இல்லம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. போன தடவை ஒரு பொண்ணை எடுத்தோம், எட்டு மாசத்துல பிரசவம்னு போயிட்டா. எங்களுக்கு நஷ்டம். அதான் முன்னாடியே கேட்டுக்கறோம்."

"சார், அது என் சொந்த விஷயம்" என்றேன்.

"சொந்த விஷயம்தான், ஆனா ஆபீஸும் பாக்கணும்ல? மாமியார் கூட இருக்காங்களா? பையனுக்கு ஜுரம்னா யார் பாப்பா? மாசக் கடைசியில ராத்திரி எட்டு ஆகும், ஹஸ்பண்ட் ஒத்துப்பாரா? சொந்த ஊர் தேனின்னு போட்டிருக்கீங்க. தேனியில எந்தப் பக்கம்? எந்தத் தெரு?"

எந்தத் தெரு! அந்தக் கட்டத்தை நான் நிரப்பாமல் விட்டதற்குத்தான் இப்படிச் சுற்றி வருகிறார். நம் ஊரில் வளர்ந்த யாருக்கும் இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று விளக்க வேண்டியதில்லை. "பெரியகுளம் பக்கம் சார்" என்று சொல்லி நிறுத்தினேன். இரண்டு முறை திரும்பக் கேட்டார். இரண்டு முறையும் அதையே சொன்னேன்.

180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த வரி வரவைத் திருப்ப வேண்டுமே, அதைப் பற்றி ஒரு கேள்வி? இல்லை. பணம் கொடுக்கும்போதே பிடிக்கிற வருமான வரியான டிடிஎஸ்ஸை 7ஆம் தேதிக்குள் கட்டுவதைப் பற்றி? இல்லை. பேங்க் கணக்குச் சரிபார்ப்பு? இல்லை. ராத்திரி உட்கார்ந்து நான் படித்துவிட்டுப் போன எதுவும் அந்த அறையில் யாருக்கும் தேவைப்படவில்லை. என் கர்ப்பப்பை பற்றித்தான் அங்கே இன்டர்வியூ நடந்தது.

கடைசியில் சம்பளம். 18,000 என்றார், பிடித்தம் போகக் கையில் அதற்கும் கீழே. இதைக் கேட்டபோதுதான் எனக்கு உச்சிக்கு ஏறியது. மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குள் வருவார்கள். முதலாளி 3.25 சதவீதம், நாங்கள் 0.75 சதவீதம் மாதாமாதம் கட்டுகிறோம். 26 வாரப் பிரசவ விடுப்புக்குப் பணம் தருவது இஎஸ்ஐ, இவர் பாக்கெட்டிலிருந்து ஒரு ரூபாய் போகாது. அந்த இஎஸ்ஐ பணத்தை 15ஆம் தேதிக்குள் கட்டுவதுதான் நான் கேட்டுப் போன வேலையில் ஒன்று! எதற்காகக் கட்டுகிறோம் என்றே தெரியாமல் கட்டிக்கொண்டு, நஷ்டம் நஷ்டம் என்று எதிரில் இருக்கிற பெண்ணிடம் அழுகிறார்.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? 1976 சம ஊதியச் சட்டத்தின் 5ஆம் பிரிவே ஆளெடுப்பில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஆனால் 2024 ஜூனில் என்ன படித்தோம்? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. உலகமே பார்க்கிற ஆலையைப் பற்றியே இப்படிக் கேள்வி எழுகிறது என்றால், எஸ்டேட்டுக்குள் மாடியில் இருபது பேர் வைத்து நடத்துகிற கம்பெனியை எந்த அதிகாரி வந்து கேட்கப் போகிறார்?

வெளியே வந்தபோது அந்தப் பையன் டீக்கடையில் நின்றிருந்தான். "உங்களை என்னக்கா கேட்டாங்க?" என்றான். அவனை என்ன கேட்டார்கள் என்று நான் கேட்டேன். "டாலி தெரியுமான்னாங்க, பைக் இருக்கான்னாங்க, எப்ப சேருவேன்னாங்க." அவ்வளவுதான். கல்யாணம் எப்போது, பிள்ளை எப்போது, உனக்குச் சோறு யார் பொங்குவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. டெஸ்ட் வைத்தார்களா என்றேன். இல்லையாம்.

இன்று போனில் அந்தப் புது ஸ்டாஃபின் பெயரைச் சொன்னார்கள். அவனேதான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனும் பிழைக்க வேண்டும். 2பி என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்காமல் அவனை இருபதாம் தேதிக்கு முன் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்களே, அவர்கள் மேல்தான் கோபம். "சொல்லித் தர்றேன், ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய், முதல்ல ஜிபே பண்ணச் சொல்லுங்க" என்றேன். "என்ன மேடம் இப்படிப் பேசறீங்க, ஒரு ஹெல்ப்தானே" என்றார் அந்தப் பெண். அவரும் பெண்தான். நாளைக்கு அவர் வேறு வேலை தேடிப் போனால் அவரையும் இதையேதான் கேட்பார்கள். அதைச் சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

இதில் இன்னொரு எரிச்சல். அடுத்த வாரம் அம்பத்தூரில் ஒரு இன்டர்வியூ, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ தீர்ந்துவிட்டது என்று சாயங்காலம் ஸ்டூடியோவுக்குப் போனேன். எடுத்துக் கையில் கொடுத்தால் அது நானே இல்லை. கேட்காமலே முகத்தை வெள்ளையடித்து வைத்திருக்கிறார். கன்னத்து மச்சத்தைக்கூட அழித்துவிட்டார். ஏன் அண்ணா இப்படிச் செய்தீர்கள் என்றால், "இன்டர்வியூக்குன்னு சொன்னீங்களேம்மா, பளிச்சுன்னு இருந்தாத்தானே எடுப்பாங்க" என்கிறார். என் நிறத்துக்கு என்ன குறை? திரும்ப எடுத்துக் கொடுங்கள் என்று அங்கேயே நின்றேன். அதற்குத் தனியாக அறுபது ரூபாய் கேட்கிறார்.