தள்ளுவண்டிக் கடை எல்லாமே சட்டவிரோதமா?

“நடைபாதைக் கடை எல்லாமே சட்டவிரோதம், மாநகராட்சி எப்போது வேண்டுமானாலும் தூக்கலாம், பறித்த பொருளைத் தர வேண்டியதில்லை” என்று கடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின் 3ஆம் பிரிவு, வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் வியாபாரச் சான்றிதழ் வழங்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. அப்புறம் அகற்றுவதென்றாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் (பிரிவு 18). பறித்த பொருளுக்குப் பட்டியல் தர வேண்டும். கட்டணம் செலுத்திக் கேட்டால் காய், பழம், மீன் போன்றவற்றை அன்றே திருப்பித் தர வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாளில் (பிரிவு 19). கடன் வாங்கிச் சரக்கு எடுத்தவருக்கு அந்த ஒரு நாள் பெரிது.

சரி, எங்கு வேண்டுமானாலும் கடை போடலாமா? அதுவும் இல்லை, தடை செய்த பகுதிகள் உண்டு. மத்திய அரசின் சட்டத் தொகுப்பான ‘இந்தியா கோடு’ (India Code) இணையதளத்தில் முழுச் சட்டமும் இருக்கிறது, பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.