தொடையிடுக்குப் படர்தாமரை விதைக்குள் இறங்குமா?

ஈர உள்ளாடையால் வரும் பங்கசு ஆணின் விதைக்குள் (விரைக்குள்) இறங்கி மலடாக்கிவிடும் என்றும், பாமசியில் ஒரு களிம்பு வாங்கிப் பூசினால் போதும் என்றும் கொழும்புத் தமிழர்களின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. இதில் இரண்டு வெவ்வேறு நோய்கள் ஒன்றாகக் குழம்பியுள்ளன.

தொடையிடுக்கில் வட்டமாகப் படரும் படர்தாமரையை உண்டாக்கும் பங்கசு, தோலின் மேலடுக்கிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தை உண்டு வாழ்வது. அது விதைக்குள் இறங்குவதில்லை. விதையையோ, அதனை ஒட்டிய சுருள்குழாயையோ, புரொஸ்டேட் சுரப்பியையோ தாக்கும் அரிதான பங்கசுத் தொற்றுகளில் பல, மூச்சோடு நுரையீரலுக்குள் போன வித்திகளிலிருந்து தொடங்கி, இரத்தத்தின் வழியே அங்கு சேர்கின்றன. வட அமெரிக்காவில் காணப்படும் பிளாஸ்டோமைசிஸ் என்ற பங்கசு இதற்கு நல்ல உதாரணம். எச்.ஐ.வி. உள்ளவர்களில் கிரிப்டோகொக்கசு என்ற இன்னொரு பங்கசு, சிகிச்சைக்குப் பின்னரும் புரொஸ்டேட்டில் ஒளிந்திருக்கக்கூடும். இவற்றுக்கு மாதக்கணக்கில் மாத்திரையோ ஊசிமருந்தோ வேண்டும். களிம்பு அங்கே எட்டாது.

களிம்புக் குழாயின் பக்கவாட்டுச் சிறிய எழுத்தையும் வாசியுங்கள்: குளோபெட்டசோல் என்றிருந்தால் அது ஸ்டீரொயிட், அரிப்பை அடக்கிப் படர்தாமரையைப் பரவவிடும்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. விதையில் தட்டுப்படும் கட்டி பங்கசாக இருப்பதைவிடப் புற்றுநோயாகவோ, காசநோயாகவோ, சாதாரண பக்டீரியத் தொற்றாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். ஸ்கேன் எடுக்காமல் களிம்பு பூசிக் காத்திருப்பவர் இழப்பது சிகிச்சை தொடங்கியிருக்கவேண்டிய வாரங்களைத்தான். தேசிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் இதைக் காட்டக் கட்டணமில்லை.