டிராகன்ஸின் இளம் வீரர்களை எங்கே வைத்து எடை போடுவது?

ஹாக்கி இந்தியா லீக்கில் ஆடும் நம்ம அணியான தமிழ்நாடு டிராகன்ஸில் பசங்க நிறைய பேர் இருக்கிறார்கள், இனி கவலையில்லை என்று ஹாக்கி பேசும் நண்பர்கள் சொல்கிறார்கள். தலையை எண்ணி இதைச் சொல்ல முடியாது என்பது என் கருத்து. 2024-இல் வீரர்களை எடுத்த ஏலத்தின்போதே விதி தெளிவாக இருந்தது: ஆண்கள் அணி ஒவ்வொன்றிலும் 24 பேர், 8 பேர் வெளிநாட்டவர், 16 பேர் இந்தியர், அந்த 16-இல் குறைந்தது 4 பேர் ஜூனியர். ஜூனியர்கள் இருப்பது எல்லா அணிக்கும் பொது. அதில் நமக்கென்று தனிப் பெருமை ஏது?

நான் முதலில் பார்ப்பது இரண்டு இடங்களை. ஒன்று கோல்கீப்பர். இன்னொன்று டிராக் ஃபிளிக்கர், அதாவது எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னரில் பந்தை மட்டையால் இழுத்து வீசி கோலடிப்பவர்.

முன்கள வீரனுக்கு வாய்ப்பு தானாகவே வரும். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாற்றிக்கொண்டே இருக்கலாம் என்பதால், ஒவ்வொரு குவார்ட்டரிலும் சில நிமிடம் அவன் களத்தில் இருப்பான். தமிழ்நாட்டுக்கு அந்த இடத்தில் ஆள் பஞ்சமும் இல்லை. 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பைக்கு அரியலூர் கார்த்தி செல்வம், கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல் இருவரும் போனார்கள். கார்த்தி பாகிஸ்தானுக்கு எதிராக கோல் அடித்தார். அடுத்து இன்னொரு நல்ல ஃபார்வர்டு வந்தால் சந்தோஷம்தான், ஆனால் நம் ஓட்டை அங்கே இல்லை.

ரிசர்வ் கோல்கீப்பர் அறுபது நிமிடமும் வெளியே உட்கார்ந்தே இருப்பான். முதல் சீசனில் முதன்மை கோல்கீப்பராக 32 லட்சத்தில் அயர்லாந்தின் டேவிட் ஹார்ட்டையும், பெனால்டி கார்னருக்கு 54 லட்சத்தில் நெதர்லாந்தின் ஜிப் ஜான்சனையும் எடுத்தோம். நல்ல தேர்வுகள், அணியும் நான்காவதாக முடித்தது. சரி, ஜான்சன் மாதிரி ஒருவர் பெஞ்சில் இருக்கும்போது பெனால்டி கார்னர் கிடைத்தால், கோலுக்கு முன்னுள்ள வட்டத்தின் விளிம்பில் ஃபிளிக் செய்ய யார் நிற்கிறார்கள்? டிராக் ஃபிளிக் ஒற்றை ஆள் வேலையும் இல்லை. கோட்டிலிருந்து தள்ளுபவர், பந்தை நிறுத்துபவர், ஃபிளிக் செய்பவர் மூவரும் பழகிப் பழகித்தான் அந்த நேரம் ஒத்துவரும். இரண்டாவதாக ஒரு மூவர் கூட்டணி தயாராக இருக்கிறதா என்று பாருங்கள். ஆழம் எவ்வளவு என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பசங்களால் தாங்க முடியுமா என்று கேட்பவர்கள் 2025 டிசம்பரில் சென்னையில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பைக் காலிறுதியை நினைத்துப் பாருங்கள். பெல்ஜியத்துடன் 2-2. அப்புறம் ஷூட்-அவுட். 23 மீட்டர் கோட்டிலிருந்து ஒருவன் பந்தோடு வருகிறான், அவனுக்கு எட்டு விநாடி, எதிரே கோல்கீப்பர் தனியாள். இந்திய கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் நின்று காட்டினார்; 4-3 என்று இந்தியா ஜெயித்தது. 21 வயதுக்கு உட்பட்டோர் போட்டி அது!

அதனால் டிராகன்ஸ் நிர்வாகத்திடம் நான் கேட்பது இதுதான். லீக் சுற்றிலேயே ஒரு முழு ஆட்டத்துக்கு இந்திய ஜூனியர் கோல்கீப்பரை நிறுத்துங்கள். 5-1 என்று முடிவு தெரிந்த பிறகு கடைசி ஐந்து நிமிடம் கொடுப்பது கணக்கில் வராது. 1-1 என்று நிற்கும் நான்காவது குவார்ட்டரில் கிடைக்கும் ஒரு பெனால்டி கார்னரையும் நம் பையன் ஒருவனிடம் கொடுத்துப் பாருங்கள்.