மஸ்ரூர் கோயில் ஐயாயிரம் ஆண்டு பழமையானதா?

இமாசலப் பிரதேசம் காங்க்ரா மாவட்டத்தில் உள்ள மஸ்ரூர் குடைவரைக் கோயில் 5,000 ஆண்டுகளுக்கு முன் பாண்டவர்கள் செதுக்கியது என்றும், பின்னர் படையெடுத்து வந்தவர்கள் உடைத்தார்கள் என்றும் ஒரு செய்தி படத்துடன் வாட்ஸ்அப்பில் வலம் வருகிறது.

பாண்டவர் கதை அந்த ஊரிலும் சொல்லப்படுவதுதான். ஆனால், காலக் கணக்குக்குக் கோயிலே இடம் தரவில்லை. அதன் சிகரங்களை, அதாவது கருவறைக்கு மேல் எழும் விமானங்களைப் பாருங்கள்: உள்நோக்கி வளையும் பக்கங்கள், மூலைகளில் தளத்துக்குத் தளம் வரும் நெல்லிக்கனி வடிவ ஆமலகங்கள். இது வட இந்தியக் கோயில் கட்டடக் கலையான நாகர பாணியின் முதிர்ந்த வடிவம். கல்லை அடுக்கிக் கட்டிய கோயில்களில் படிப்படியாக உருவான வடிவத்தை இங்கே ஒரே மணற்பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். வடநாட்டில் கற்கோயில் கட்டும் வழக்கமே குப்தர் காலத்தில்தான் (ஏறக்குறைய கி.பி. 4-6ஆம் நூற்றாண்டுகள்) வேர்விட்டது. இந்த வளைந்த சிகரம் அதற்கும் பிந்தியது. எனவே அறிஞர்கள் மஸ்ரூரைக் கி.பி. 8ஆம் நூற்றாண்டை ஒட்டி வைக்கிறார்கள். கழுகுமலை வெட்டுவான் கோவிலும் ஏறக்குறைய அதே காலம்; அதுவும் மலையைக் குடைந்ததுதான், அதுவும் முற்றுப்பெறாததுதான்.

உடைத்தது யார்? பெரும் சேதத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுவது 1905 ஏப்ரல் 4இல் காங்க்ராவைப் புரட்டிப்போட்ட நிலநடுக்கம். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் இறந்தார்கள். மணற்பாறை மழையிலும் வெயிலிலும் தானாகவே அரிபடுகிறது. சில பகுதிகளோ உடைந்தவையே அல்ல, செதுக்கி முடிக்கப்படாதவை. வாட்ஸ்அப்பில் சுற்றும் படம் மட்டும் அசலானது.