வட சென்னையை யாருக்கு யார் பட்டா போட்டது?

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லோர் டைம்லைனிலும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கார்டைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். "1952 முதல் இன்று வரை ஒரே கட்சி, வட சென்னை மக்களவைத் தொகுதி." பாதிப் பேர் பெருமையாக ஷேர் செய்தார்கள். மீதிப் பேர் "அதான் அந்த ஏரியா இன்னும் அப்படியே கிடக்கு" என்று ஷேர் செய்தார்கள். ரெண்டு கோஷ்டியும் வெற்றி பெற்றவர்களின் பட்டியலை ஒரு தரம்கூடத் திறந்து பார்க்கவில்லை. நேற்று மைக் பிடித்த ஒருவரும் அதையே ஒப்பித்ததைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் 1952. கார்டு போட்ட புண்ணியவானே, நீங்கள் சொல்லும் கட்சியான திமுக 1952ல் தேர்தலில் நிற்கவே இல்லை. 1949 செப்டம்பரில் நம்ம ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் தொடங்கிய கட்சி அது. முதன்முதலில் தேர்தல் களத்துக்கு வந்தது 1957ல். அப்போதும் அங்கீகாரம் கிடையாது, அதனால் தேர்தல் ஆணையத்தின் அறிக்கையில் அதன் ஆட்கள் எல்லோரும் 'சுயேச்சை' கணக்கில்தான் இருப்பார்கள். அந்தக் கட்சி பிறந்த பூங்கா இருக்கும் தொகுதிக்கே இப்படிப் பொய்க் கணக்கு எழுதினால் என்ன சொல்ல?

வட சென்னை என்ற பெயரில் பட்டியல் 1957ல்தான் தொடங்குகிறது. அன்றிலிருந்து 2024 வரை 17 பொதுத்தேர்தல்கள். 1957ல் ஜெயித்தவர் எஸ்.சி.சி. அந்தோணி பிள்ளை. சுயேச்சை. அந்த வருஷம் மாநிலத்தின் 41 இடங்களில் 31 காங்கிரஸுக்குப் போனது. நாட்டையே நேரு ஆண்டுகொண்டிருந்த நேரத்தில், யாழ்ப்பாணத்தில் பிறந்து வந்த ஒரு தொழிற்சங்கக்காரரை, ட்ராட்ஸ்கி வழி இடதுசாரியை, டெல்லிக்கு அனுப்பியது இந்த ஊர். சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் அவர். 1918ல் தொடங்கிய சங்கம் அது; திரு.வி.க., வாடியா காலத்தது. 1947 பி அண்ட் சி மில் வேலைநிறுத்தத்தில் சிறைக்குப் போனவர். எங்கள் தெருவில் அந்த மில்லில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் உண்டு. மில் 1996ல் மூடிப் போச்சு, அவர் சங்கக் கதையை மட்டும் இன்னும் மூடவில்லை. அவரிடம் போய் "உங்க ஊரு எப்பவுமே ஒரே கட்சிதானாமே" என்று கேட்டுப் பாருங்கள். கையில் டீ கிளாஸ் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்பது உங்களுக்கு நல்லது.

1962ல் காங்கிரஸ், பி. சீனிவாசன். 1967லும் 1971லும் திமுகவின் நாஞ்சில் மனோகரன். அவர் 1962ல் தென் சென்னையில் ஜெயித்தவர். 1967ல் அண்ணா தென் சென்னையில் நின்றார், இவர் வடக்கே வந்தார். 1977ல் ஏ.வி.பி. ஆசைத்தம்பி. 1980ல் ஜி. லட்சுமணன், அந்த மக்களவையின் துணை சபாநாயகர். நம்ம தொகுதி உறுப்பினர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதே இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது, கார்டு மட்டும் தெரியும். 1984ல் என்.வி.என். சோமு. அதோடு 1967ல் தொடங்கிய திமுக சங்கிலி அறுகிறது. 1989லும் 1991லும் தா. பாண்டியன்.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். "தா. பாண்டியன் கம்யூனிஸ்ட்தானே, அப்போ இந்த ரெண்டும் கம்யூனிஸ்ட் கணக்கு" என்று ஒருவர். இல்லை. அப்போது அவர் ஐக்கிய கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார், நின்றது கை சின்னத்தில். ஆணையத்தின் கணக்கில் அது காங்கிரஸ் வெற்றி. அதே மனிதர் 2009ல் இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளராக, அதிமுக கூட்டணியில், இதே தொகுதிக்கு வந்தார். திமுகவின் டி.கே.எஸ். இளங்கோவனிடம் சுமார் 19,000 வாக்கில் தோற்றார். மக்களவைத் தேர்தலில் 19,000 என்றால் சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரியாக மூவாயிரத்துச் சொச்சம். இதுதான் உங்கள் கோட்டையின் மதில் உயரம்.

1996ல் மறுபடியும் திமுகவின் சோமு. பாதுகாப்புத் துறை இணையமைச்சராக இருந்தவர், 1997 நவம்பரில் அருணாசலப் பிரதேசத்தில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அடுத்த மாதமே மக்களவை கலைந்ததால் இடைத்தேர்தலுக்கு வேலை இல்லாமல் போனது. 1998, 1999, 2004 மூன்றிலும் செ. குப்புசாமி, திமுகவின் தொழிற்சங்கமான தொ.மு.ச.க்காரர், மறுபடியும் ஒரு தொழிற்சங்க ஆள். 2009 மேலே சொன்னது. 2014ல் அதிமுகவின் டி.ஜி. வெங்கடேஷ் பாபு, வித்தியாசம் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2019லும் 2024லும் திமுகவின் கலாநிதி வீராசாமி.

17ல் திமுக 12. மற்றவர்கள் 5. இதுதான் கணக்கு.

"12/17 என்றால் கோட்டைதானே, எதுக்கு இவ்வளவு நீட்டி முழக்குற?" என்று கமெண்டில் வரப் போகிறவர்களுக்கு இப்போதே பதில். 12 பெரிய எண்ணிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் கோட்டை என்றால் விழக் கூடாது. இது மூன்று தரம் விழுந்திருக்கிறது, 1989, 1991, 2014. 2014ல் ஏறக்குறைய ஒரு லட்சத்தில் தோற்ற இடத்தில் 2019ல் 4,61,518 வாக்கு வித்தியாசத்தில் ஜெயிக்கிறார்கள் என்றால், நடுவில் இருந்த ஐந்து வருஷத்தில் இங்கே இருக்கிற ஜனங்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 2024ல் அதே வித்தியாசம் 3,39,222 ஆக இறங்கியது. மதில் சுவர் இப்படி ஏறி இறங்குமா?

அதைவிட முக்கியமான விஷயம், மாநிலம் ஒரு பக்கம் சாய்ந்தபோது இந்தத் தொகுதி எதிர்ப்பக்கம் நின்ற வருஷங்கள். 1977ல் அதிமுக-காங்கிரஸ் அணி 39ல் 34ஐ அள்ளியது. வட சென்னை கொடுக்கவில்லை. 1984ல் இந்திரா படுகொலை அனுதாபம், எம்.ஜி.ஆர். மருத்துவமனையில், 39ல் 37 போயிற்று. மிச்சம் இருந்த இரண்டில் ஒன்று வட சென்னை, இன்னொன்று மத்திய சென்னை. 1998ல் ஜெயலலிதா அணி 30 எடுத்தது, இங்கே கிடைக்கவில்லை. அலையில் அடித்துக்கொண்டு போன வருஷங்களும் உண்டு, மேலே சொன்ன அந்த மூன்றும்தான். ஆக, இது சில நேரம் அலையோடு போகும், சில நேரம் எதிர்நீச்சல் போடும். மனுஷர்கள் வாழ்கிற எந்த ஊரும் அப்படித்தான். எங்களுக்கு மட்டும் ஏன் 'கோட்டை' என்று பெயர்ப்பலகை?

"மக்களவையை விடு, சட்டமன்றம் பார்" என்பார்கள். பார்ப்போம். இந்தத் தொகுதிக்குள் இப்போது ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: திருவொற்றியூர், டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம். 2011ல் இதில் திமுகவுக்குக் கிடைத்தது கொளத்தூர் மட்டும். பெரம்பூரில் மார்க்சிஸ்ட், மற்ற நான்கில் அதிமுக. 2016ல் ஆளுக்கு மூன்று. 2021ல் ஆறும் திமுக. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் குக்கர் சின்னத்தில் நின்ற சுயேச்சை 40,707 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார், திமுக டெபாசிட் இழந்தது. டெபாசிட் என்றால் பதிவான செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும், அதுகூட வரவில்லை. பட்டா போட்டுக் கொடுத்த இடத்திலா ஐயா இது நடக்கும்?

ஆர்.கே. நகர் பெயரைச் சொன்னதும் அந்த இளிப்பு வரும் பாருங்கள். "ஆமா ஆமா, இருபது ரூபாய் நோட்டு, பிரியாணி." ஓட்டுக்குக் காசு வாங்கிய ஊர் என்கிற இந்த இளிப்பைத்தான் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 2017 ஏப்ரலில் பணப் பட்டுவாடா புகாரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை ஆணையம் ரத்து செய்தது உண்மை. 2016ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் அதே காரணத்துக்காகத் தேர்தல் தள்ளிப் போனதும் உண்மை. 2019ல் மக்களவைத் தேர்தலே பணத்துக்காக நிறுத்தப்பட்ட தொகுதி வேலூர், ஆகஸ்டில்தான் அங்கே வாக்குப்பதிவு நடந்தது. வேலூரையோ தஞ்சாவூரையோ யாராவது அதை வைத்துக் கிண்டல் செய்து கேட்டிருக்கிறீர்களா? தஞ்சாவூர் என்றால் பெரிய கோயில். வட சென்னை என்றால் மட்டும் நோட்டு.

சரி, கோபத்தை விட்டு விஷயத்துக்கு வருகிறேன். இனிமேல் கார்டு போடுகிறவர்கள் தயவுசெய்து இப்படிச் சரிபாருங்கள். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் புள்ளிவிவர அறிக்கை இருக்கிறது. பழையவை இரண்டு பாகங்களாக இருக்கும். வேட்பாளர் வாரியான முடிவு முதல் பாகத்தில், ஒவ்வொரு தொகுதியின் வாக்காளர், பதிவு, செல்லாத வாக்குச் சுருக்கம் இரண்டாவதில். 'சென்னை' என்று தேடினால் பழைய அறிக்கைகளில் கிடைக்காது, அப்போதெல்லாம் 'மெட்ராஸ் நார்த்'. கட்சிச் சுருக்கெழுத்தும் மாறும்: அதிமுக 'ஏ.டி.கே.' என்றிருக்கும், 1971லும் 1977லும் காங்கிரஸ் பிளவில் பிரிந்த ஸ்தாபன காங்கிரஸ் 'என்.சி.ஓ.' என்று தனியாக இருக்கும், 1980ல் காங்கிரஸ் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குள் இந்திராவைக் குறிக்கும் 'ஐ' ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே காங்கிரஸாகக் கூட்டினால் மொத்தக் கணக்கும் கோணல்.

பொதுத்தேர்தல் அறிக்கையில் இடைத்தேர்தல் வராது. 1967ல் தென் சென்னையில் ஜெயித்த அண்ணா முதலமைச்சரானதும் அந்த இடத்தை விட்டார், இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வந்தார். பொதுத்தேர்தல் அறிக்கையை மட்டும் பார்த்துக் கார்டு போட்டால் மாறனின் அந்தப் பதவிக்காலமே காணாமல் போகும். வித்தியாசத்தை வெறும் எண்ணாக ஒப்பிடாதீர்கள், பதிவான வாக்கில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 1957ன் வாக்காளர் எண்ணிக்கையும் 2024ன் எண்ணிக்கையும் ஒன்றா? பூத் வாரியாக வேண்டுமென்றால் படிவம் 20 தேடுங்கள். அதில் தபால் வாக்கு தனி வரியில் வரும், அதை விட்டுவிட்டுக் கூட்டி "மோசடி" என்று கத்தாதீர்கள்.

எல்லைதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பள்ளம். 2008 மறுசீரமைப்புக்கு முன் இருந்த வட சென்னையும் 2009லிருந்து இருக்கும் வட சென்னையும் ஒரே நிலம் இல்லை. கொளத்தூர் என்ற சட்டமன்றத் தொகுதியே அப்போதுதான் பிறந்தது. பாரிமுனையும் மண்ணடியும் வரும் துறைமுகம் தொகுதி இன்று மத்திய சென்னையில். மாதவரம் திருவள்ளூர் மக்களவைத் தொகுதியில். மீஞ்சூர்க்காரரும் திருவள்ளூருக்குத்தான் ஓட்டுப் போடுகிறார். அந்தக் கார்டில் துறைமுகத்தை வட சென்னையில் வரைந்து வைத்திருக்கிறார்கள். தபால் பின்கோடை வைத்து அரசியல் வரைபடம் போட்டால் இப்படித்தான்.

அதோடு விட்டார்களா? மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரையும் 'வட சென்னை எம்.பி.' என்று பட்டியலில் செருகி இருக்கிறார்கள். மாநிலங்களவைக்குத் தொகுதியே கிடையாது. தமிழ்நாட்டுக்கு 18 இடம், 234 எம்.எல்.ஏ.க்கள் விருப்ப வரிசையில் ஓட்டுப் போடுவார்கள். ஆறு இடம் காலியானால், ஆறோடு ஒன்று கூட்டி, 234ஐ அந்த ஏழால் வகுத்து, அதற்கு அடுத்த முழு எண், 34 பேர் ஆதரவு வேண்டும். நம்ம ஆறு எம்.எல்.ஏ.க்கள் மொத்தமாகச் சேர்ந்தாலும் ஒருவரை அனுப்ப முடியாது. வீடு வண்ணாரப்பேட்டையில் இருந்தால் வண்ணாரப்பேட்டை எம்.பி. ஆகிவிட முடியாது.

கீழே குட்டி எழுத்தில் "தமிழகத்தின் 39 எம்.பி.க்கள், ஆரம்பம் முதலே" என்று வேறு. 1952ல் சென்னை மாகாணத்துக்கு 75, ஆந்திரமும் மலபாரும் சேர்ந்திருந்த காலம். 1957லும் 1962லும் 41. 1967லிருந்துதான் 39. மக்கள்தொகை மற்ற மாநிலங்களைவிட மெதுவாக வளர்ந்ததற்குப் பரிசு, இரண்டு இடம் போச்சு. 1976ல் 42வது அரசியல் சாசனத் திருத்தம் 1971 கணக்கெடுப்போடு எண்ணிக்கையை உறைய வைத்தது, 84வது திருத்தம் அதை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. தொகுதி மறுவரையறை என்று நாடே பேசுகிற நேரத்தில் "ஆரம்பம் முதலே 39" என்று எழுதுகிறவர், எதிராளிக்கு வாதத்தை இலவசமாகக் கொடுக்கிறார்.

"நீ எந்தக் கட்சி?" என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார். ஒருவர் என்னை அதிமுக என்றார், ஒருவர் மறைமுக திமுக என்றார். ரெண்டு பேரும் ஒரே பதிவைப் படித்தவர்கள். என்ன சொல்ல.

கோட்டை, கோட்டை என்று கத்துகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டதில்லை. 17 தேர்தல், பதினொரு பேர் ஜெயித்திருக்கிறார்கள், ஒரு பெண்கூட இல்லை. தென் சென்னையில் வைஜெயந்திமாலா முதல் தமிழச்சி தங்கபாண்டியன் வரை உண்டு. மீன் கூடையைத் தலையில் வைத்து விடியற்காலை காசிமேட்டிலிருந்து கிளம்புகிற பெண்கள் இருக்கிற தொகுதியில், எந்தப் பெரிய கட்சிக்கும் ஜெயிக்கிற மாதிரி ஒரு பெண் வேட்பாளர் 67 வருஷமாகக் கிடைக்கவில்லை. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, வலையைக் கழுவிக் கழுவிக் கை கறுத்த குடும்பங்களைப் பற்றி இவர்கள் எத்தனை கார்டு போட்டார்கள்?

கார்டு போட்டவருக்கு இந்த விவரம் எல்லாவற்றையும் அனுப்பினேன். நேற்று இரவு திருத்திய கார்டு வந்தது. 1952ஐ எடுத்து 1957 என்று போட்டிருக்கிறார். தலைப்பு அப்படியே, 'ஒரே கட்சி'. துறைமுகமும் இன்னும் வட சென்னையிலேயே இருக்கிறது.