ஆண்டு மலருக்குப் 'பிள்ளைகள்தானே' என்ற சலுகை வேண்டாம்

ஆண்டு விழா நெருங்கும் தை, மாசி மாதங்களில் எங்கள் அச்சகத்துக்குப் பள்ளி ஆண்டு மலர்கள் வரிசையாக வரத் தொடங்கும். பக்கம் அமைப்பதும் பிழை பார்ப்பதும் என் வேலை என்பதால் ஒவ்வொரு மலரையும் வரி விடாமல் படித்துவிடுகிறேன். பல பள்ளிகளில் தலைமையாசிரியருக்குக்கூட அதற்கு நேரம் கிடைப்பதில்லை. படித்துப் படித்து எனக்குள் உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. மலர்க்குழுவில் இருக்கும் மாணவர்களிடம் நாம் மிகவும் குறைவாக எதிர்பார்க்கிறோம். பெரும்பாலும் தமிழாசிரியர் ஒருவர் விடுமுறை நாள்களைத் தொலைத்துவிட்டு எல்லாவற்றையும் தாமே செய்து முடிக்கிறார். பிறகு உள்பக்கத்தில் 'மாணவர் மலர்க்குழு' என்று சில பெயர்கள் அச்சாகின்றன. அப்படியும் தவறு வந்தால், "பிள்ளைகள் செய்ததுதானே, போகட்டும்" என்ற சமாதானம் தயாராக இருக்கிறது. செய்யாத வேலைக்குப் பெயரும், நேர்ந்த தவறுக்கு மன்னிப்பும் ஒருசேரக் கிடைக்கும் இடத்தில் ஒரு மாணவர் எதைக் கற்றுக்கொள்வார்?

ஒரு மலர் நல்ல மலரா என்பதை அறிய நான் அட்டையைப் பார்ப்பதில்லை. எந்தப் போட்டியிலும் பரிசு வாங்காத, எந்த மேடையிலும் ஏறாத, கடைசி வரிசையில் இருக்கும் ஒரு மாணவர் அதைப் புரட்டினால், தன் முகமும் பிழையில்லாத தன் பெயரும் ஓரிடத்திலாவது அவர் கண்ணில் படுமா என்று பார்க்கிறேன். மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான். நன்றாகப் பேசுகிற, நன்றாக ஆடுகிற அதே நான்கைந்து பிள்ளைகள் பக்கத்துக்குப் பக்கம் வருவதும், வகுப்பில் பாதிப் பேர் குழுப் படத்தில் கடுகளவாக நிற்பதோடு முடிந்துபோவதும் ஏறத்தாழ எல்லா மலர்களிலும் நடக்கிறது. யார் எந்தப் பக்கத்தில் வருகிறார் என்று வகுப்புவாரியாக ஒரு பட்டியல் வைத்து, ஒருமுறைகூட வராதவர்களைத் தேடிப் போய்ச் சேர்ப்பதே மலர்க்குழுவின் முதல் கடமை.

பெயர் விஷயத்தில் நடக்கும் கூத்து தனி. அலுவலகக் கணினியில் இருக்கும் ஆங்கிலப் பட்டியலை எடுத்து, இணையத்தில் போட்டுத் தமிழாக்கி அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். அன்பழகன் 'அன்பலகன்' ஆகிறான்; பூங்குழலி 'பூங்குலலி' ஆகிறாள்; வள்ளிகள் எல்லாம் 'வல்லி' ஆகிறார்கள். பெயரின் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் ஆணையிட்ட பிறகும், பாதிப் பெயர்களுக்கு ஆங்கில முன்னெழுத்தும் மீதிக்குத் தமிழ் முன்னெழுத்துமாக ஒரே பக்கத்தில் கலந்து வருவதைக் காண்கிறேன். வகுப்புக்கு ஒரு தாள் கொடுத்து, அவரவர் பெயரை அவரவர் கையால் எழுதச் சொன்னால் ஒரு பாடவேளைக்குள் முடிகிற காரியம் இது.

குழுப் படத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் வரும். ஒரு பள்ளியின் மலரில், நிற்பவர்களின் இரண்டாம் வரிசையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கீழே கொடுக்கப்பட்டிருந்த பெயர்கள் பதினொன்று. தொலைபேசியில் கேட்டபோது, "பரவாயில்லை சார், கடைசியில் 'மற்றும் பலர்' என்று போட்டுவிடுங்கள்" என்றார் பொறுப்பாசிரியர். மறுநாள் மாலை பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, மலர்க்குழுவில் இருப்பவள், சீருடையோடு அச்சகத்துக்கு வந்தாள். படத்தைத் திரையில் பெரிதாக்கச் சொல்லி, ஒவ்வொரு முகமாக விரலை வைத்து, கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டாள். விடுபட்டது, நடுவில் பாதி மறைந்து நின்ற ஒரு பையனின் பெயர். ஆண்டின் நடுவில் வேறு பள்ளியிலிருந்து மாறி வந்தவன் என்பதால் பட்டியலிலேயே அவன் ஏறவில்லையாம். பெயரைச் சேர்த்த பிறகு, வரிசை முழுவதையும் இன்னொரு முறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினாள். நான் எதிர்பார்க்கச் சொல்வது இந்த அளவுக்குத்தான்; இதற்கு எழுத்துத் திறமை தேவையில்லை, பொறுப்பு இருந்தால் போதும். படம் எடுத்த இடத்திலேயே, வரிசை கலைவதற்கு முன்பு, இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதி வாங்கிவிட்டால் இந்த அலைச்சலும் மிச்சமாகும்.

அடுத்து, என்ன எழுதுவது என்ற கேள்வி. 'உங்களுக்குத் தெரியுமா', அப்துல் கலாம் பெயரில் உலவும் பொன்மொழிகள், வாட்ஸ்அப்பில் வந்த நகைச்சுவைத் துணுக்குகள், இப்போது புதிதாகச் செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த 'தாயின் பெருமை' கவிதைகள் என்று வருகிற கைப்பிரதிகளில் பெரும்பகுதியை எந்த ஊரின் எந்தப் பள்ளி மலரிலும் மாற்றிப் போட்டுவிடலாம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கருணாநிதி திருவாரூரில் மாணவராக இருந்தபோதே 'மாணவ நேசன்' என்ற கையெழுத்து இதழை நடத்தியவர். படியெடுக்கும் வசதிகூட இல்லாத காலத்தில் பிள்ளைகளால் சொந்தச் சரக்கோடு இதழ் நடத்த முடிந்திருக்கிறது என்றால், இன்றைக்கு என்ன தடை? பிள்ளைகளின் கதை, கட்டுரைகளுக்குப் பள்ளிக்கல்வித் துறையே 2022 முதல் 'தேன்சிட்டு', 'ஊஞ்சல்' ஆகிய இதழ்களை நடத்துகிறது. அவற்றால் செய்ய முடியாத ஒன்றை உங்கள் மலர் செய்ய வேண்டும்: உங்கள் பள்ளியின் அந்த ஓர் ஆண்டை எழுதிவைக்க வேண்டும்.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது, விடியலுக்கு முன்பே வந்து அடுப்பு மூட்டிய பெண்கள் யார், முதல் நாள் எந்தப் பிள்ளை இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது என்பதெல்லாம் அந்தந்தப் பள்ளிக்கு மட்டுமே தெரிந்த செய்திகள். 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பரில்தான் மீண்டும் திறந்தன. எழுத அவ்வளவு இருந்த அந்த ஆண்டுகளில்தான் பல பள்ளிகள் மலரே போடவில்லை. மூன்றாம் வகுப்பின் கடைசியில் வீட்டுக்குப் போன பிள்ளை ஐந்தாம் வகுப்பில் திரும்பி வந்து உட்கார்ந்தபோது என்ன நினைத்தது என்பதை யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை.

மலர்க்குழு எதை வெளியிடக் கூடாது என்பதும் எதிர்பார்ப்பில் சேர்ந்ததுதான். பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடம் அறிவிக்கும் வழக்கத்தை அரசே 2017இல் நிறுத்திவிட்டது. அதன் பிறகும், மதிப்பெண் வரிசையில் படங்களை அடுக்கி முதல் இரண்டு பக்கங்களை நிரப்புவதைப் பல பள்ளிகள் விடவில்லை. சிரிப்புக்காக வகுப்புத் தோழர்களுக்குப் பட்டம் சூட்டும் பக்கம் ஒன்றும் வரும். நிறத்தையும் உடம்பையும் பேச்சுத் திக்கலையும் கிண்டல் செய்யும் பட்டங்கள் அதில் கட்டாயம் இருக்கும்; பட்டம் வாங்கிய பிள்ளையிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் பார்த்தவரை இவற்றை எழுதுவது கெட்ட பிள்ளைகள் அல்ல. அச்சில் ஏறிவிட்டால் அழிக்க முடியாது என்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவே.

ஒப்புதலும் இதைச் சேர்ந்ததுதான். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே கொண்டு, அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைப் பொது விதியாக வைக்கிறது. நம் பள்ளிகளோ மாணவியின் படத்தோடு பிறந்த தேதியையும் கைப்பேசி எண்ணையும் சேர்த்து அச்சிட்டு, அதே கோப்பை எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்புகின்றன. படம் வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்னால், காரணம் கேட்காமல் பெயரை மட்டும் போடப் பழக வேண்டும்.

தொழில் சார்ந்த சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் பெரும்பாலும் நீளவாக்கில் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். அச்சுக்கு வேண்டிய 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் அது ஏறத்தாழ ஐந்தேகால் அங்குலம்தான். முழுப் பக்கத்துக்கு இழுத்தால் முகம் கலங்கும். அதையே டாக்குமெண்ட்டாக அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை. புத்தகம் பொதுவாகப் பதினாறு பக்கப் பாரங்களாக, அதாவது ஒரே தாளில் சேர்ந்து வரும் பக்கத் தொகுதிகளாக, அச்சாகிறது. கடைசி நேரத்தில் வரும் ஒரே ஒரு வாழ்த்துச் செய்திக்காகப் பக்கம் கூட்டச் சொன்னால், ஒன்று பணம் கூடும், அல்லது யாரோ ஒரு மாணவரின் கட்டுரை வெளியே போகும். எது போகும் என்று எல்லோருக்கும் தெரியும்! கைப்பேசியில் யூனிகோடில் தட்டியதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும் அச்சகங்களில் கொம்பும் காலும் இடம் மாறுவதுண்டு. ஆகவே கைப்பிரதியை எத்தனை முறை படித்திருந்தாலும், பக்கம் அமைத்த பிறகு வரும் மெய்ப்பை (பிழை பார்ப்பதற்கான படியை) ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் மூலத்தில் விரல் வைத்துத் தொடர வேண்டும். இந்த வேலையை ஆசிரியர் செய்யக் கூடாது. மாணவர்கள் செய்து, ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும்.

இவ்வளவையும் கேட்பதானால் காலம் கொடுக்க வேண்டும். பொங்கல் கழித்துக் குழு அமைத்து மாசியில் மலர் கேட்கும் பள்ளி, பிள்ளைகளிடம் தரத்தை எதிர்பார்க்க உரிமையற்றது. ஜூலையிலேயே குழு அமையட்டும். பொதுத்தேர்வு எழுதும் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளை விடுத்து, ஒன்பதிலும் பதினொன்றிலும் இருந்து ஆள் எடுக்கலாம். பொறுப்பாசிரியர் திருத்திக் கொடுக்காமல், எங்கே தவறு என்று மட்டும் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். உள்பக்கத்தில் குழுவின் பெயர்களைப் போடும்போது, யார் படம் எடுத்தார், யார் பெயர்ப் பட்டியல் சரிபார்த்தார், யார் மெய்ப்புப் பார்த்தார் என்று வேலையோடு சேர்த்துப் போடச் சொல்லி இந்த ஆண்டு முதல் எங்களிடம் வரும் பள்ளிகளைக் கேட்கப் போகிறேன். அதற்கு ஆகும் கூடுதல் வரிகளுக்குக் கட்டணம் கிடையாது என்று முதலாளியும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.